பட்டை கறுத்தால் போதும்

ஜூன் 3, செவ்வாய்

டாக்டர் இன்று வெளியே முப்பது பேரை உட்கார வைத்துவிட்டு எங்களைத் தன் அறைக்குள் கூப்பிட்டார். எங்களை என்றால் என்னையும், பிப்ரவரியில் புதிதாக வந்த நர்ஸ் இசக்கியம்மாளையும், கூட்டித் துடைக்கிற ராமாத்தாவையும். பத்துப் படுக்கை நர்சிங் ஹோமுக்கு இதற்கு மேல் ஆள் எதற்கு என்பது டாக்டர் பகவதிராஜனின் கொள்கை.

ஜூலை 21ஆம் தேதி தரச்சான்றுக்கு ஆய்வுக்குழு வருகிறதாம். சுத்தம், பாதுகாப்பு, பதிவேடு எல்லாம் பார்த்து மார்க் போடுவார்களாம். தேறினால் காப்பீட்டு அட்டை வைத்திருக்கிறவர்களுக்கு இங்கேயே ஆபரேஷன் செய்யலாம். தேறாவிட்டால் என்ன என்று ராமாத்தா கேட்டாள். நான் கேட்க நினைத்ததுதான்.

"தேறலைன்னா தியேட்டரைப் பூட்டிட்டு மகன் வீட்டுக்குப் போயிடுவேன். எழுபத்தோரு வயசாச்சு. இனிமே யார்கிட்டயும் மல்லுக்கட்ட முடியாது."

அவருக்குப் போக மகன் வீடு இருக்கிறது. எனக்கு ஐம்பத்து நான்கு வயது. இருபத்தாறு வருஷமாக இந்த ஊரில் என்னைப் பெரிய சிஸ்டர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். பியூலா என்ற பெயரே பாதிப் பேருக்குத் தெரியாது. எங்கே படித்தாய் என்று யாரும் கேட்காத ஒரே இடம் இதுதான். இன்னொரு இடத்துக்குப் போனால் முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும், காட்ட என்னிடம் ஒரு தாளும் இல்லை.

ஜூன் 5, வியாழன்

படிவம் வந்துவிட்டது. பணியாளர், தகுதி, பதிவு எண் என்று மூன்று கட்டங்கள். டாக்டர் பென்சிலால் எழுதிவிட்டு என்னிடம் தந்தார். தலைமைச் செவிலியர் என்ற இடத்தில் ம. இசக்கியம்மாள், டிப்ளமா. என் பெயர் கீழே, ராமாத்தாவுக்கு ஒரு படி மேலே. நிர்வாக உதவியாளர்.

"தாள்ல மட்டும்தான் பியூலா. இங்க எப்பவும் நீதான் பெரிய சிஸ்டர்."

சரி டாக்டர் என்று சொல்லிவிட்டு வந்தேன். இசக்கி பின்னாலேயே வந்தாள். இருபத்து நான்கு வயது, குச்சி மாதிரி உடம்பு. வந்த முதல் வாரம் ஒரு குழந்தைக்கு நரம்பு கிடைக்காமல் மூன்று இடத்தில் குத்திவிட்டு அழுதவள். நான்தான் வாங்கி ஒரே குத்தில் ஏற்றினேன். டிப்ளமாவுக்கு நரம்பு தெரியவில்லை.

"சிஸ்டர், எனக்கு இந்தப் பட்டம்லாம் வேண்டாம். ஒங்க பேரே இருக்கட்டும்னு டாக்டர்ட்ட சொல்லட்டுமா?"

இந்தப் பெருந்தன்மைதான் எனக்குப் பிடிக்காதது. வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு உரிமை இருக்கிறது. எனக்கு வேண்டும் என்று சொல்லக்கூட வாயில்லை.

ஜூன் 7, சனி

பதினான்கு பதிவேடு கேட்கிறார்கள். எங்களிடம் இருந்தது இரண்டு. அதில் ஒன்று பால்காரர் நோட்டு.

மத்தியானத்துக்கு மேல் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தேன். மூன்று பேனா வைத்துக்கொண்டேன். நடுவே ஒரு பக்கத்தில் டீ சிந்தினேன். தினமும் எழுதிய நோட்டு புத்தம் புதிதாக இருந்தால் யார் நம்புவார்கள். குளிர்பதனப் பெட்டி வெப்பநிலை, தரை துடைத்த நேரம், ஆக்சிஜன் சிலிண்டர் அளவு எல்லாம் சாயந்திரத்துக்குள் முடிந்தது. ஏப்ரலுக்கு முப்பது நாள்தான் என்பது எழுதி முடித்த பிறகு ஞாபகம் வந்து அந்தப் பக்கத்தைக் கிழிக்க வேண்டியதாயிற்று.

ஆட்டோகிளேவ் பதிவேடுதான் இழுக்கிறது. ஆபரேஷன் கத்தி, கத்தரி, துணி எல்லாவற்றையும் டிரம்மில் வைத்து, பதினைந்து பவுண்டு அழுத்தத்தில் நீராவி ஏற்றிக் கிருமியைக் கொல்லுகிற இயந்திரம் அது. டிரம்முக்குள் ஒரு துண்டு டேப் வைக்க வேண்டும். நீராவி போதிய சூட்டில் இருந்தால் டேப்பில் உள்ள வெள்ளைக் கோடு கறுத்துவிடும். கறுத்த பட்டையை அன்றன்று தேதி போட்டு ஒட்டிக் கையெழுத்திட வேண்டும். மார்ச், ஏப்ரல், மே, மூன்று மாதத்துக்குத் தொண்ணூற்றிரண்டு பட்டை. நாங்கள் ஒரு நாளும் ஒட்டியதில்லை. டேப் சுருள் நாலு வருஷமாகப் பிரிக்காமல் பீரோவில் கிடக்கிறது.

ஜூன் 8, ஞாயிறு

ஆராதனை முடிந்து நேரே இங்கே வந்தேன். உள்நோயாளி யாரும் இல்லை. டேப்பைத் தொண்ணூற்றிரண்டு துண்டாக வெட்டி டிரம்மில் போட்டு ஆட்டோகிளேவை ஏற்றினேன். ஒரே மூச்சில் வேலை முடிந்துவிடும் என்று நினைத்தேன்.

நாற்பது நிமிஷம் கழித்துத் திறந்தால் கோடுகள் வெளிர் பழுப்பாக இருக்கின்றன. மறுபடி நாற்பது நிமிஷம் வைத்தேன். அதே பழுப்பு. மூடி ஓரத்தில் ஆவி புஸ்ஸென்று போய்க்கொண்டிருந்தது. அழுத்தம் காட்டுகிற முள் பதினொன்றைத் தாண்டவில்லை.

மூடிக்குள் இருக்கிற ரப்பர் வளையம் தேய்ந்துவிட்டது. ஜனவரியில் மதுரையிலிருந்து வந்த மெக்கானிக் சொல்லிவிட்டுத்தான் போனார், இன்னும் ரெண்டு மாசம் தாங்கும், புதுசுக்குச் சொல்லி வச்சிருங்கம்மா என்று. சொல்லலாம் என்று இருந்தேன். அப்புறம் லெந்து நாட்கள், ஈஸ்டர், விடுமுறைக்கு வந்த விருந்தாளிகள். எல்லாம் சரியாக இருக்கிறது என்று டாக்டரிடம் சொன்னதும் நான்தான்.

ஜனவரியிலிருந்து இரண்டு மாதம் என்றால் மார்ச். அதற்கு மேல் யோசிக்கவில்லை. பட்டைகளை வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன்.

ஜூன் 9, திங்கள்

கறுத்துவிட்டது.

வேலைக்குக் கிளம்புமுன் எங்கள் வீட்டு ஐந்து லிட்டர் குக்கரில் அடியில் தண்ணீர் விட்டு, துளை போட்ட தட்டை வைத்து, மேலே பட்டைகளைப் பரப்பினேன். வீட்டுக்காரர் அரசுப் பேருந்தில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். விசிலை எண்ணுவதென்றால் அவருக்கு இன்னமும் ஒரு கடமை உணர்ச்சி வந்துவிடும். பேப்பரை மடித்துவிட்டு அடுக்களை வாசலில் வந்து நின்றார்.

"அஞ்சாச்சு பியூலா. இறக்கவா?"

"இன்னும் இருபது நிமிஷம் சிம்ல இருக்கட்டும்."

"என்னது, கிழட்டு ஆட்டுக்கறியா?"

திறந்தபோது தொண்ணூற்றிரண்டும் கன்னங்கரேல் என்று இருந்தன. கல்யாணத்துக்கு எங்கள் அம்மா வாங்கித் தந்த குக்கர். பத்துப் படுக்கை நர்சிங் ஹோமில் இல்லாத அழுத்தம் இதில் இருக்கிறது. சந்தோஷத்தில் அவருக்கு இரண்டாவது காபி போட்டுக் கொடுத்தேன்.

ஜூன் 12, வியாழன்

தாளில் தலைமைச் செவிலியர் அவள்தானே. ஆகவே கையெழுத்தும் அவள்தான் போட வேண்டும். நோட்டை இசக்கி முன்னால் விரித்து வைத்தேன். பட்டைகளை நான் அன்றன்று தனியாக எடுத்து வைத்திருந்ததாகவும் இப்போதுதான் ஒழுங்காக ஒட்டியதாகவும் சொன்னேன். அவள் உடனே பேனாவை எடுக்கவில்லை.

"சிஸ்டர், தப்பா நினைக்காதிய. நான் வந்ததுல இருந்து பாக்கேன், முள்ளு பதினொண்ணு, பன்னெண்டுலயே நிக்கி. பதினஞ்சு வரணும்லா. ஒங்கட்ட சொல்லணும்னு நினைச்சேன், பயமா இருந்துச்சு."

"முள்ளு கெட்டுப் போய் நாலு வருஷம் ஆச்சு. முள்ளப் பாப்பியா, பட்டையப் பாப்பியா? காலேஜ்ல என்ன சொல்லிக் குடுத்தாவ?"

"பட்டையத்தான் நம்பணும்னாவ."

"அப்பப் பாரு."

பார்த்தாள். ஒவ்வொரு பக்கமாகத் திருப்பி விரலால் தடவிப் பார்த்தாள். அவள் முகம் தெளிவதை நான் பார்த்தேன். பிறகு தொண்ணூற்றிரண்டு கையெழுத்து. முத்து முத்தான கையெழுத்து அவளுக்கு.

"இத்தனை நாளா வீணா பயந்துட்டேன் சிஸ்டர்."

ஜூன் 14, சனி

இனி தினம் ஒரு பட்டை. டிரம்மை நானே திறந்து, நானே எடுத்து இசக்கியிடம் கொடுத்துவிடுகிறேன். குக்கரில் பருப்போடு ஒரு சின்னக் கிண்ணத்தில் வைத்தால் தனியாக கேஸ் செலவில்லை.

ஜூன் 18, புதன்

குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் செய்த அரிசிக்கடைக்காரர் தையல் சீழ் வைத்து வந்திருக்கிறார். டாக்டர் மருந்தை மாற்றி எழுதினார். வெயில் காலத்தில் இப்படி வரும், வேர்வை.

"ஏப்ரல்ல இருந்து இது அஞ்சாவது ஆளு சிஸ்டர்" என்றாள் இசக்கி.

"வேலை செய்ய வந்தியா, எண்ணிக்கிட்டு இருக்க வந்தியா?"

ஜூன் 20, வெள்ளி

வளையத்துக்கு ஆர்டர் போட டாக்டர் கையெழுத்து வேண்டும். சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை அவர் அறைக்குப் போனேன். முதல் தடவை போனில் இருந்தார். இரண்டாவது தடவை சும்மாதான் இருந்தார். என்ன பியூலா என்றார். பஞ்சு தீர்ந்துவிட்டது என்று சொல்லிவிட்டு வந்தேன். பஞ்சும் தீரத்தான் போகிறது.

ஜூன் 24, செவ்வாய்

இசக்கி மத்தியானம் சாப்பிடும்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவளுக்குத் தாய் தகப்பன் இல்லை. அக்கா பேச்சித்தாய் வீட்டில்தான் இருக்கிறாள். அந்த அக்கா பீடி சுற்றித்தான் இவளை நர்ஸுக்குப் படிக்க வைத்தாள். அக்காவுக்குக் கர்ப்பப்பையில் கட்டி, மாதத்தில் பாதி நாள் ரத்தம் போகிறது என்று முன்பே சொல்லியிருக்கிறாள்.

"பெரியாஸ்பத்திரியில ரெண்டு மாசம் கழிச்சுத்தான் தேதி குடுத்திருக்காவ. அதுவரைக்கும் அவ தாங்க மாட்டா. டாக்டர்ட்ட கேட்டேன், வெள்ளிக்கிழமை இங்கயே எடுத்துரலாம்னாவ."

டிபன் பாக்ஸை மூடினேன்.

"பெரியாஸ்பத்திரியிலன்னா எல்லா வசதியும் இருக்கும்லா" என்றேன்.

"இருக்கும். ஆனா எனக்கு மனசு கேக்காது சிஸ்டர். நம்ம தியேட்டர்னா என் கண்ணு முன்னாலேயே நடக்கும். பட்டையும் தினமும் நானே பாக்கேன். இதுக்கு மேல சுத்தம் எங்க இருக்கு? அக்காட்ட அதச் சொல்லித்தான் சம்மதிக்க வச்சேன்."

பெரிய ஆஸ்பத்திரி நல்லது என்று நான் சொன்னேன். சொன்னேன் என்பதை இங்கே குறித்து வைக்கிறேன்.

ஜூன் 26, வியாழன்

நாளைக்கு ஆபரேஷன். மதுரைக்குப் போன் செய்து பார்த்தேன். வளையம் வர ஒரு வாரம் ஆகுமாம். அப்புறம் கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டேன்.

கத்தரிகளையும் இடுக்கிகளையும் வீட்டுக் குக்கரிலேயே வைத்து எடுத்துவிடலாம் என்று ஒரு நினைப்பு வந்தது. கொள்ளும். துணிதான் கொள்ளாது, அதையும் நாலு தடவையாக வைக்கலாம். ஆனால் அதைப் பொட்டலம் கட்டி இசக்கி கண்ணுக்கு முன்னால் எப்படிக் கொண்டு வருவது. வீட்டுக்காரரிடம் என்ன சொல்வது. சங்கீதம் 91 வாசித்துவிட்டு எழுந்தேன்.

ஜூன் 27, வெள்ளி

காலையில் ஆறு மணிக்கே வந்து கருவிகளை இரண்டு தடவை கொதிக்க வைத்தேன். வழக்கமாக ஒரு தடவைதான். அதற்கப்புறம் டிரம்மில் வைத்து ஒரு மணி நேரம் ஓட்டினேன். முள் பத்தில் நின்றது.

பேச்சித்தாய்க்கு முப்பத்தொரு வயது. விரல் நுனியெல்லாம் புகையிலைக் கறை. மேஜையில் ஏறிப் படுத்தவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தங்கச்சி வீட்ல ஒங்களப் பத்தியேதான் பேசுவா சிஸ்டர். எல்லாம் நீங்க சொல்லிக் குடுத்ததுதானாம்."

கையை விடுவித்துக்கொண்டு வெளியே வந்தேன். டாக்டர் கை அலம்பிக்கொண்டிருந்தார். அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு வார்த்தைதான். டாக்டர், இன்று வேண்டாம். அவர் ஏன் என்று கேட்பார். அதற்குப் பதில் ஜனவரியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அதற்குள் அவர் உள்ளே போய்விட்டார்.

ஒன்றரை மணி நேரம். நன்றாக முடிந்தது. இசக்கி எல்லோருக்கும் லட்டு கொடுத்தாள். பட்டையைக் கேட்டு வாங்கி, தேதி போட்டு ஒட்டி, பக்கத்தில் சின்னதாக 'அக்கா' என்று எழுதியிருக்கிறாள்.

ஜூன் 30, திங்கள்

காய்ச்சல் இல்லை. எழுந்து நடக்கிறாள். வீணாகப் பயந்திருக்கிறேன்.

ஜூலை 2, புதன்

பேச்சித்தாயை வீட்டுக்கு அனுப்பியாயிற்று. அவள் புருஷன் சுடலைக்கண்ணு லோடு ஆட்டோவில் மெத்தை விரித்துக் கூட்டிப் போனான். ஆறு வயதில் ஒரு பெண் பிள்ளை, பவிஷா. இசக்கி இடுப்பை விட்டு இறங்கவில்லை. புண்ணுக்கு மருந்து வைத்துக் கட்டுவதை வீட்டிலேயே தான் பார்த்துக்கொள்வதாக இசக்கி சொன்னாள். டாக்டரும் சரி என்றார்.

ஜூலை 5, சனி

திரும்பக் கொண்டுவந்துவிட்டார்கள். நேற்றிலிருந்து குளிர் காய்ச்சலாம். கட்டைப் பிரித்ததும் ராமாத்தா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். டாக்டர் குனிந்து பார்த்துவிட்டு நேரே மேஜைக்குப் போனார். உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகச் சொல்லிச் சீட்டு எழுதினார்.

ஆட்டோவில் ஏற்றும்போது இசக்கியிடம் கேட்டேன்.

"வீட்ல கட்டு மாத்தையில கை கழுவுனியாட்டி?"

"கழுவுனேன் சிஸ்டர்."

"என்ன போட்டு?"

"குளிக்கிற சோப்புதான். அப்புறம் ஸ்பிரிட்."

"பீடித் தூள் பறக்கிற வீடு."

இவ்வளவுதான் நான் பேசியது. எந்த நர்ஸும் கேட்கக்கூடிய கேள்விதான். சுடலைக்கண்ணு டிரைவர் சீட்டிலிருந்து திரும்பி இசக்கியின் கைகளைப் பார்த்தான். அவளும் தன் கைகளைப் பார்த்தாள்.

ஜூலை 8, செவ்வாய்

காலை பதினொரு மணிக்குப் பேச்சித்தாய் இறந்துவிட்டாள். ரத்தத்தில் கிருமி கலந்துவிட்டதாம்.

இங்கே சாரல் விட்டபாடில்லை. துவைத்த தலையணை உறைகள் ஒன்றும் காயவில்லை.

ஜூலை 9, புதன்

டாக்டரும் நானும் போனோம். டாக்டர் மாலையை வைத்துவிட்டு உடனே கிளம்பினார். நான் இருந்தேன். இல்லாவிட்டால் நன்றாக இருக்காது.

வாய்க்கரிசி போட எல்லாப் பெண்களும் வரிசையாகப் போனார்கள். இசக்கியின் முறை வந்தபோது சுடலைக்கண்ணு குறுக்கே கையை நீட்டினான்.

"நீ தொட்டது போதும்."

அவள் கையில் இருந்த அரிசியைக் கீழே போடவும் தெரியாமல், வைத்துக்கொள்ளவும் தெரியாமல் நின்றாள். நான்தான் தோளைப் பிடித்து வாசல் பக்கம் கூட்டி வந்தேன். என் மேல் சாய்ந்துகொண்டாள். பத்து நாளில் இன்னும் மெலிந்துவிட்டாள்.

"நான்தான் கொன்னுட்டேனா சிஸ்டர்?"

வாயைத் திறந்தேன். என்ன சொல்லப் போகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. உள்ளேயிருந்து யாரோ காபி கொண்டு வந்து நீட்டினார்கள். வாங்கிக்கொண்டேன்.

"வேணும்னு யாரும் செய்வாவளா. அழாத" என்றேன்.

அவள் அதைப் பிடித்துக்கொண்டாள். வேணும்னு செய்யலை, வேணும்னு செய்யலை என்று அவளே முணுமுணுத்துக்கொண்டு இருந்தாள்.

ஜூலை 11, வெள்ளி

ஆய்வு வருகிறதே, முன்னெச்சரிக்கையாக ஆட்டோகிளேவுக்குப் புது வளையம் போட்டுவிடலாமா என்று டாக்டரிடம் கேட்டேன். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

இவ்வளவுதான். இதற்குத்தான் ஜூன் மாதம் முழுக்க அந்த அறை வாசலில் நின்றேன்.

ஜூலை 17, வியாழன்

மெக்கானிக் வந்தார். பழைய வளையத்தை உருவி, புதியதை அமுக்கி, நாலு திருகாணியை முடுக்கினார். கால் மணி நேர வேலை. முள் பதினைந்தில் போய் அசையாமல் நின்றது. பட்டையை எடுத்துப் பார்த்தேன். என் குக்கர் பட்டைக்கும் இதற்கும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

பழைய வளையத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இதை வச்சா ஓட்டுனீங்க?" என்றார்.

போன வாரம்தான் கெட்டது என்றேன். அவர் என்னையும் வளையத்தையும் பார்த்தார். பிறகு அதைக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டுச் சாப்பிட நல்ல கடை எது என்று கேட்டார்.

ஜூலை 19, சனி

டாக்டர் இசக்கிக்கு ஆள் அனுப்பி வரச் சொல்லியிருக்கிறார். தாளில் தலைமைச் செவிலியர் அவள். ஆய்வு நாளில் இல்லாவிட்டால் கேள்வி வரும். துக்க வீடு, பாவம். ஆனாலும் வருகிறேன் என்றாளாம். இப்போது அக்கா வீட்டில் அவள் தங்கவில்லையாம், தெரிந்த பெண்கள் தங்கியிருக்கிற அறையில் இருக்கிறாளாம்.

ஜூலை 21, திங்கள்

முடிந்தது.

மூன்று பேர் வந்தார்கள். இரண்டு ஆண்கள் தீயணைப்பானையும் கழிவறையையும் பார்த்துவிட்டு வடை சாப்பிட்டார்கள். தலைவராக வந்தவர் டாக்டர் அமிர்தவல்லி. ஐம்பது வயது இருக்கும். மெல்லிய குரல். வடையைத் தொடவில்லை. அலமாரி மேல் விரலை வைத்துப் பார்த்தார், தண்ணீர்க் குழாயை அவரே திறந்து பார்த்தார். ஆட்டோகிளேவை என் கண் முன்னால் ஓட்டுங்கள் என்றார். ஓட்டினேன். முள் பதினைந்து. பட்டை கறுப்பு. தலையசைத்தார்.

பிறகு பதிவேட்டைப் புரட்டினார். ஜூன் பக்கத்தில் நின்று மூக்கருகே கொண்டு போனார்.

"பெருங்காய வாசம் வருதே?"

"பக்கத்துல மெஸ் இருக்கு மேடம். சன்னல் வழியா எல்லாம் இங்கதான் வரும்."

மெஸ் இருக்கிறது. அது பொய்யில்லை.

ஜூன் 27 பக்கத்துக்கு வந்ததும் 'அக்கா' என்று எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டு இசக்கியைக் கூப்பிட்டார். அவள் இஸ்திரி போட்ட வெள்ளை உடுப்பில் சுவரோரமாக நின்றுகொண்டிருந்தாள். அன்று ஆபரேஷன் செய்த அம்மாள் இறந்துவிட்டதாகப் பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து குறிப்பு வந்திருக்கிறது, சொல்லுங்கள் என்றார். டாக்டர் பகவதிராஜன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அந்தப் பெண் சொல்லட்டும் என்று டாக்டர் அமிர்தவல்லி கையைக் காட்டினார்.

"எங்க அக்கா மேடம்."

குறிப்பு எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது.

"டிரம்மை யார் திறப்பாங்க?"

"பெரிய சிஸ்டர்."

"பட்டையை நீங்க உள்ளேருந்து எடுப்பீங்களா?"

"இல்ல மேடம். சிஸ்டர் எடுத்துத் தருவாங்க. நான் ஒட்டுவேன்."

டாக்டர் அமிர்தவல்லி திரும்பி என்னைப் பார்த்தார். அவர் கண்ணில் ஒரு கேள்வி எழும்புவதை நான் பார்த்தேன். இருபத்தாறு வருஷமும் இந்த நிமிஷத்தில் போய்விட்டது என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், ஒரு நொடி, அப்பாடா என்றுகூட இருந்தது. போனால் போகட்டும் என்று.

அப்போது இசக்கி பேசினாள்.

"மேடம், தியேட்டர்ல ஒரு தப்பும் இல்ல. நானும் முதல்ல சந்தேகப்பட்டேன். முள்ளு சரியில்லன்னு சிஸ்டர்ட்ட கேட்டேன். சிஸ்டர் பட்டையக் காட்டுனாங்க. அதுக்கப்புறம் ஒரு நாள் விடாம நானே பாத்தேன். தப்பு என் கையிலதான். வீட்ல கட்டு மாத்துனது நான். எழுதிக்கோங்க மேடம். இந்த ஆஸ்பத்திரிய ஒண்ணும் பண்ணிராதிங்க."

அவள் அழவில்லை. பாடம் ஒப்பிக்கிற மாதிரி சொன்னாள். இத்தனை நாளும் அதை எத்தனை தடவை தனக்குத்தானே சொல்லிப் பார்த்திருப்பாளோ.

டாக்டர் அமிர்தவல்லி எழுந்து வந்து அவள் தோளில் கை வைத்தார். பிறகு உட்கார்ந்து எழுதினார். நான் நின்ற இடத்திலிருந்து தெரிந்தது. வீட்டுப் பராமரிப்பில் நேர்ந்த தொற்று. சம்பந்தப்பட்ட செவிலியர் மறுபயிற்சி முடிக்கும் வரை நோயாளிகளைத் தொடும் பணியில் இருக்கக் கூடாது.

போகும்போது என்னிடம், "பதிவேடு இவ்வளவு ஒழுங்கா நான் இந்தப் பக்கத்துல எங்கயும் பார்த்ததில்லை" என்றார்.

ஜூலை 22, செவ்வாய்

இசக்கியை நிறுத்தியாயிற்று. டாக்டருக்கே சொல்லச் சங்கடமாக இருந்தது. என்னைச் சொல்லச் சொன்னார். சொன்னேன்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

சான்றிதழ் வந்துவிட்டது. டாக்டர் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டச் சொன்னார். ஆணி நான்தான் அடித்தேன். மற்ற நர்சிங் ஹோம்காரர்களுக்குப் பதிவேடு எழுதுவது எப்படி என்று ஒரு நாள் சொல்லிக் கொடுக்க முடியுமா என்று குழுவிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. கடிதத்தில் என் பெயருக்கு முன்னால் சிஸ்டர் என்று போட்டிருந்தார்கள். இரண்டு தடவை வாசித்தேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

ஆராதனை முடிந்து வந்து உடுப்பு மாற்றுவதற்குள் வீட்டு வாசலில் லோடு ஆட்டோ சத்தம். சுடலைக்கண்ணு. பக்கத்தில் பவிஷா. பின்னால் சாமான் வைக்கிற இடத்தில் இசக்கி உட்கார்ந்திருந்தாள். இறங்கி வந்து ஒரு பையை என்னிடம் நீட்டினாள். நர்சிங் ஹோம் கொடுத்த வெள்ளை உடுப்புகள், துவைத்து மடித்து.

"இதக் குடுக்கணும்னு வந்தேன். அத்தான் ஒங்கட்ட ஒண்ணு கேக்கணும்னாவ" என்றாள்.

அவன் செருப்பைக் கழற்றிவிட்டு கேட்டுக்குள் வந்து நின்றான். தாடி வளர்ந்திருந்தது.

"பெரிய சிஸ்டர், எங்க பிள்ளை ஒங்க ஆஸ்பத்திரியிலதான் பிறந்துச்சு. நீங்க சொன்னா நான் கேட்டுக்கிடுதேன். பிள்ளை சித்தி வேணும் சித்தி வேணும்னு சாப்பிட மாட்டேங்கு. ஊர்ல ஆளுக்கொண்ணு சொல்லுதாவ. இவ மேல தப்பில்லன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க, இப்பவே வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருதேன். இவதான்னா அதையும் சொல்லிருங்க. எனக்குத் தெரிஞ்சாகணும்."

இசக்கி என்னைப் பார்த்தாள். கெஞ்சவில்லை. அவளுக்கும் தெரிந்தாக வேண்டும், அவ்வளவுதான்.

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எனக்கு ஆசைதான், கர்த்தர் அறிவார். ஆனால் இவள் மேல் தப்பில்லை என்றால் அவன் அடுத்து யார் மேல் என்று கேட்பான். கேட்காமல் போகிற ஆள் இல்லை அவன்.

"நான் ஒங்க வீட்ல வந்து பாக்கலையேப்பா. தியேட்டர்ல ஒரு குறையும் இல்லன்னு பெரிய பெரிய டாக்டர்மார் வந்து பாத்து எழுதிக் குடுத்திருக்காவ. அதுக்கு மேல நான் என்ன சொல்ல?"

முதலில் தலையாட்டியது இசக்கிதான். சரி என்பது போல.

சுடலைக்கண்ணு ஆட்டோ பக்கம் திரும்பினான். அதற்குள் பவிஷா ஆட்டோவிலிருந்து குதித்து ஓடி வந்து, "சித்தி, வா போவோம்" என்று அவள் கையைப் பிடிக்கப் போனாள்.

அவன் தடுக்கவில்லை. தடுக்க வேண்டியதாகவும் இல்லை. குழந்தை தொடுவதற்கு முன்னால் இசக்கியே இரண்டு கையையும் இழுத்து முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள்.

"தொடாத பவி. சித்தி கை நல்லா இல்ல."

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவன் போய்விட்டான். அவள் பஸ் நிறுத்தத்துப் பக்கமாக நடந்தாள். கைகளை முன்னால் கொண்டு வரவே இல்லை.

பையைப் பிரித்து உடுப்பை எண்ணிப் பார்த்தேன். இரண்டு செட். சரியாக இருந்தது.